முத்துக்கரை புகட்டும் பாடம்

"அய்யா! ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்களித்து விடுகிறார்கள். ஆட்சியும் அமைந்து விடுகிறது. அதற்குப் பிறகும் கூட்டம் எதற்கு? ஊர்வலம் எதற்கு? வேலைநிறுத்தம் எதற்கு?"

தூத்துக்குடியிலே வரலாற்று வகுப்பு நடத்திக் கொண்டிருந்தபோது, மாணவன் ஒருவன் நம்மைக் கேட்ட கேள்வி இது. துறைமுகத்திலே மூட்டை சுமக்கும் தொழிலாளியின் மகன் அவன். குறும்புக்காகக் கேட்கவில்லை, குழப்பத்தால் கேட்டான். பாடநூலிலே ஜனநாயகம் என்ற தலைப்பின் கீழ் வாக்குச்சீட்டு இருந்தது, வேட்பாளர் இருந்தார், சட்டமன்றம் இருந்தது. அவன் வீட்டுத் திண்ணையிலே பேசப்படும் கூலியும் சங்கமும் கோரிக்கையும் அந்தப் பாடத்திலே இல்லை. நாம் விடை கூறத் தொடங்கு முன்பே மணி அடித்து விட்டது. மாணவர்கள் எழுந்து விட்டனர்.

அன்று மாலை கடற்கரையிலே நடந்தோம். கேள்வியும் நம்மோடு நடந்தது. விடையை ஏதென்சு நகரத்துத் திடலிலே தேடலாம். பாரிசு நகரத்துப் பாசுடீல் சிறை வாயிலிலே தேடலாம். அவ்வளவு தொலைவு போவானேன்? நாம் நின்றிருந்த மணலிலேயே அந்த விடை எழுதப்பட்டிருக்கிறதே! மூச்சாலும் வியர்வையாலும், சில வேளைகளில் குருதியாலும் எழுதப்பட்டிருக்கிறதே!

கொற்கை என்றால் முத்து. முத்து என்றால் பாண்டியன். இப்படித்தான் நமக்கு வரலாறு சொல்லப்பட்டது. மன்னன் மார்பிலே ஒளிர்ந்த முத்தைப் பாடியோர் பலர். அதனை எடுக்க மூழ்கியவன் மூச்சைப் பற்றிப் பேசியோர் மிகச் சிலர். காலிலே கல்லைக் கட்டிக் கொண்டு, கயிற்றைப் பிடித்தவனிடம் உயிரை ஒப்படைத்து, சுறாவுக்கும் சுழலுக்கும் அஞ்சாமல் பாரிலே இறங்கிச் சிப்பி வாரி வந்தான் குளியாளி. கரைக்கு வந்தால் என்ன கிடைத்தது? ஆங்கிலேயர் ஆட்சியிலே, வாரி வந்த சிப்பி மூன்று குவியலாகக் கொட்டப்படும். இரண்டு குவியல் அரசாங்கத்துக்கு; ஒரு குவியல் மூழ்கியவர்களுக்கு!

பாண்டியர் போயினர்; போர்த்துகீசியர் வந்தனர். 1658இல் டச்சுக்காரர் அவர்களை விரட்டினர். 1825இல் இந்த ஊர் ஆங்கிலேயர் கைக்கு நிலையாக வந்து சேர்ந்தது. கொடி மாறிற்று, கோட்டை மாறிற்று, நாணயத்திலே பொறித்த தலை மாறிற்று. ஆனால், கூறு போடும் உரிமை மட்டும் குளியாளியின் கைக்கு வரவே இல்லை. பிறப்பால் உயர்ந்தோர் பங்கைச் சொன்னார்கள். படையால் உயர்ந்தோர் பங்கைச் சொன்னார்கள். பணத்தால் உயர்ந்தோர் பங்கைச் சொன்னார்கள். கடலடியிலே மூச்சடக்கியவன், கரையிலே வாயடக்கி நின்றான்!

1961ஆம் ஆண்டோடு இக்கரையிலே முத்துக்குளிப்பு நின்று போயிற்று. அந்த மூன்று குவியல்கள் கிளப்பிய கேள்வியோ நிற்கவில்லை. பங்கு போடும் இடத்திலே பாடுபடுபவனுக்குப் பேச்சு உண்டா, இல்லையா? உண்டு என்றால் அது ஜனநாயகம். இல்லை என்றால், அரியணையிலே அமர்ந்திருப்பவன் முடி தரித்திருந்தால் என்ன, வாக்குப் பெற்று வந்திருந்தால் என்ன! இந்த ஓர் உரைகல்லைக் கையிலே வைத்துக் கொண்டு, இக்கரையின் நூறாண்டு வரலாற்றை உரசிப் பார்ப்போம்.

1906ஆம் ஆண்டு. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விடும் வாணிபம், பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியின் பிடியிலே இருந்தது. அவர்கள் சொன்னதே கட்டணம். அவர்கள் வைத்ததே சட்டம். அந்த ஆண்டு அக்டோபர் திங்களிலே, வழக்கறிஞர் வ.உ.சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்ச ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் இரண்டு லட்ச ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் வந்தன.

ஒரு கோமான் இலட்சங்களைக் கொட்டிக் கப்பல் வாங்கியிருந்தால் அது வாணிபச் செய்தி. சாதி பாராமல், மதம் பாராமல், ஊர் ஊராகச் சென்று பங்கு திரட்டிக் கப்பல் விட்டதுதான் வரலாற்றுச் செய்தி. வெள்ளைக் கம்பெனி சும்மா இருக்குமா? கட்டணத்தை வெட்டிற்று, நட்டத்தைப் பொருட்படுத்தாமல் மேலும் வெட்டிற்று. அதிகாரிகளின் ஆதரவோ வெள்ளைக் கம்பெனியின் பக்கம். ஆழ்ந்த பணப்பையும் ஆட்சியின் கையும் ஒன்று சேர்ந்தால், போட்டி என்பது பொய்யாகிப் போகும் என்பதை இந்த ஊர் அன்றே கண்டது. முற்றுரிமை பெற்ற பெருஞ்செல்வம் ஜனநாயகத்தை அரிக்கும் முதற் கறையான்!

அடுத்தது ஆலை. ஹார்வி கம்பெனியாரின் கோரல் பஞ்சாலையிலே, பொழுது புலர்ந்தது முதல் பொழுது சாயும் வரை உழைப்பு. பெரியவர்களோடு சிறுவர்களும் நூலோடு நூலாகத் தேய்ந்தனர். ஞாயிறு விடுமுறை இல்லை. கூலியோ குறைவு. 1908 பிப்ரவரி 27ஆம் நாள், தொழிலாளர் வேலையை நிறுத்தினர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். நாள்தோறும் கூட்டங்களிலே பேசினர்.

அந்த நாட்களிலே தூத்துக்குடி எப்படி இருந்தது, தெரியுமா? ஆலைக்கு உள்ளே நடந்த சண்டை ஆலைக்கு வெளியே இருந்தவர்களின் சண்டையாயிற்று. வேலையிழந்தோருக்கு ஊரார் உணவளித்தனர். நிர்வாகத்தின் பக்கம் பேசியவர்களுக்குச் சவரம் செய்ய நாவிதர் மறுத்தனர். துணி வெளுக்க வண்ணார் மறுத்தனர். ஏவிய வேலையைச் செய்வதே உன் பிறவிக் கடன் என்று ஆயிரம் ஆண்டுகளாக எவரிடம் சொல்லி வைத்தார்களோ, அவர்கள் 'மாட்டேன்' என்றார்கள்! ஜனநாயகத்தின் அகரமுதலியிலே முதற்சொல் இந்த 'மாட்டேன்'தான் என்போம் நாம்.

ஒன்பது நாட்களில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்வுக்கு இசைந்தது. வேலை நேரத்தைக் குறைத்தது. ஞாயிறு விடுமுறை தந்தது. அந்தத் தொழிலாளர்களிலே ஒருவருக்கேனும் வாக்குரிமை இருந்ததா? இல்லை. சட்டமன்றத்திலே அவர்களுக்கு ஓர் இடம் இருந்ததா? இல்லை. ஆனாலும், பங்கு போடும் இடத்திலே அவர்கள் குரல் கேட்டது. கூடினர், பேசினர், ஒன்றுபட்டனர், வென்றனர். வாக்குச்சீட்டு வருமுன்பே வந்துவிட்ட ஜனநாயகம் அது!

ஆண்டவர்களுக்கு அச்சம் பிறந்தது. மார்ச்சு 12ஆம் நாள் சிதம்பரனாரையும் சிவாவையும் கைது செய்தனர். மறுநாள் நெல்லை கொதித்தது. நகராட்சி அலுவலகம், அஞ்சல் நிலையம், காவல் நிலையம் எல்லாம் தீக்கிரையாயின. துப்பாக்கி வெடித்தது, நால்வர் மாண்டனர். தூத்துக்குடியிலே கோரல் ஆலைத் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். இம்முறை கூலிக்காக அன்று; தலைவர்களைச் சிறையிட்ட கொடுமையைக் கண்டித்து! அவர்களோடு கசாப்புக்காரர், துப்புரவுத் தொழிலாளர், குதிரை வண்டிக்காரர் எனப் பலரும் சேர்ந்தனர். திலகரைத் தண்டித்ததைக் கண்டித்துப் பம்பாய் ஆலைத் தொழிலாளர் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தது அதே ஆண்டு ஜூலையில்தான். தூத்துக்குடி நான்கு திங்கள் முந்திக் கொண்டது.

ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். சிதம்பரனாருக்கு ஆயுள் முழுவதும் நாடு கடத்தல், சிவாவுக்குப் பத்தாண்டு. எந்தக் குற்றத்துக்கு? குத்தினாரா? கொளுத்தினாரா? பேசினார்! பேசியவருக்கு இடமும் கொடுத்தார்! இந்தியத் தண்டனைச் சட்டம் 124அ பிரிவின்படி அது அரசு நிந்தனை. உயர் நீதிமன்றம் தண்டனையை ஆறாண்டாகக் குறைத்தது. கோவைச் சிறையிலே செக்கிழுத்து, 1912 டிசம்பரில் சிதம்பரனார் வெளியே வந்தபோது, சுதேசி நாவாய்ச் சங்கம் கலைக்கப்பட்டு விட்டிருந்தது. பணத்தின் ஆதிக்கம் வாணிபத்தை வீழ்த்திற்று. சட்டத்தின் ஆதிக்கம் வாயைக் கட்டிற்று. வாயைக் கட்டும் சட்டம், ஜனநாயகத்தை அரிக்கும் இரண்டாவது கறையான்!

இது ஆட்சியாளர் வெள்ளையர், ஆளப்பட்டோர் கறுப்பர் என்பதனால் மட்டும் நேர்ந்ததா? அந்த வெள்ளையரின் நாட்டுக்கே சென்று பார்ப்போம். 1819 ஆகஸ்டு 16. மான்செஸ்டர் நகரத்துச் செயின்ட் பீட்டர் திடல். அங்கும் பஞ்சாலை ஊர். அங்கும் நெசவாளரும் நூற்போரும். எங்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று கேட்கப் பல்லாயிரவர் பெண்டு பிள்ளைகளோடு கூடினர். குதிரைப் படை வாளை உருவிக் கொண்டு பாய்ந்தது. பதினைந்து பேருக்குக் குறையாமல் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் புண்பட்டனர். பிறகு சிறைக்குச் சென்றது யார்? வாள் வீசியவர் அல்லர். கூட்டத்திலே பேச வந்த ஹென்றி ஹண்ட்! அந்த ஆண்டு முடிவதற்குள், கூட்டம் போடுவதையே ஒடுக்கும் ஆறு சட்டங்களை இங்கிலாந்துப் பாராளுமன்றம் நிறைவேற்றிற்று.

தூத்துக்குடியும் மான்செஸ்டரும் ஒரே கதையைச் சொல்கின்றன அல்லவா? வாக்குரிமை கூட்டத்தின் தாய் அன்று, கூட்டத்தின் குழந்தை. கூடிக் கேட்டார்கள், கிடைத்தது. 1838இல் சாசன இயக்கத்தார் கேட்டார்கள். ஆண் பெண் இருபாலார்க்கும் சமமான வாக்குரிமை வர 1928 ஆயிற்று. நம் சென்னை மாகாணத்திலே 1920இல் தேர்தல் நடந்தபோது, நான்கு கோடிக்கு மேற்பட்ட மக்களிலே ஏறத்தாழப் பன்னிரண்டரை லட்சம் பேருக்கே வாக்கு. நிலம் வேண்டும், வரி கட்ட வேண்டும்! 1921இல் பெண்களுக்கும் வாக்குண்டு என்று சென்னைச் சட்டமன்றம் வழி திறந்தது. அவர்களுக்கும் சொத்துத் தகுதி வேண்டும் என்ற பூட்டு மட்டும் கழலவில்லை. கோரல் ஆலையின் கதவிலே 'மாட்டேன்' என்று நின்ற தொழிலாளியின் பிள்ளைகள், கோடீசுவரனுக்கு ஒன்று தனக்கும் ஒன்று என்று வாக்குச் சாவடியிலே நின்றது 1952இல்.

இனி, தூத்துக்குடியிலிருந்து கப்பல் சென்ற கொழும்பைப் பார்ப்போம். சிதம்பரனார் கப்பல் விட்ட அதே கடல் வழியாக, தேயிலைத் தோட்டங்களுக்கென்று தமிழர் இலங்கைக்குப் போயினர். காட்டை வெட்டினர், மலையைத் திருத்தினர், அட்டை உறிஞ்சியது போக மிஞ்சிய குருதியைத் தேயிலைச் செடிக்குக் கொடுத்தனர். 1931இலேயே, இந்தியாவுக்கு இருபதாண்டு முன்னரே, இலங்கையிலே வயது வந்தோர்க்கெல்லாம் வாக்குரிமை என்னும் ஏற்பாடு வந்தது. தோட்டத் தமிழருக்குக் குடியிருப்பு நிபந்தனைகளைக் காட்டித் தடை வைத்தனர் எனினும், அவர்களிலும் பலர் வாக்களித்தனர். 1947 தேர்தலில் தங்கள் சார்பிலே உறுப்பினர்களையும் அனுப்பினர்.

அடுத்து நடந்ததுதான் உலகம் கற்க வேண்டிய பாடம். இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. அவர்களிலே பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. எந்தச் சர்வாதிகாரி இதைச் செய்தான்? சர்வாதிகாரி எவனும் இல்லை. தேர்தலிலே வென்ற பாராளுமன்றம், முறைப்படி கூடி, கை தூக்கி, எண்ணிப் பார்த்துச் செய்தது! 1964இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக் கொள்வோம் என்றனர். அன்று முத்துச் சிப்பியைக் குவியல் போட்டார்கள்; இன்று மனிதரையே குவியல் போட்டார்கள்! மூன்று குவியல், ஒரு குவியலையும் கேட்கவில்லை, 'நீ எங்கே இருக்க விரும்புகிறாய்?' என்று. எஞ்சி நின்றோரின் வழக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை நீண்டது.

ஜெர்மனி நாட்டிலே 1933இல் நடந்ததும் இவ்வகையே. பிப்ரவரி இறுதியில் ஓர் ஆணை, பேச்சுரிமையையும் கூடும் உரிமையையும் பறித்தது. மார்ச்சு 23ஆம் நாள் பாராளுமன்றமே வாக்கெடுத்துத் தன் அதிகாரத்தை இட்லரிடம் ஒப்படைத்தது. எண்ணிக்கை மட்டுமே ஜனநாயகம் என்றால், இவையெல்லாம் ஜனநாயகமே என்றாகி விடாதா? சிறுபான்மையோரின் குரலை எண்ணிக்கையால் நசுக்கும் பெரும்பான்மைச் செருக்கு, மூன்றாவது கறையான். மூன்றிலும் கொடியது, ஏனெனில் அது ஜனநாயகத்தின் ஆடையையே உடுத்தி வருகிறது.

மீண்டும் தூத்துக்குடிக்கே வருவோம். வெள்ளையன் போய் எழுபது ஆண்டுகள் கழிந்த பின், 2018 மே 22. ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையால் காற்றும் நீரும் கெட்டன என்று கூறி, அதனை மூடக் கோரி நடந்த அறப்போராட்டத்தின் நூறாவது நாள். தடை உத்தரவு இருந்தும், ஆயிரமாயிரமாய் மக்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி நடந்தனர். மீனவர் நடந்தனர், வணிகர் நடந்தனர், பெண்கள் நடந்தனர். கல்லெறியும் தீ வைப்பும் நடந்தன என்பதை மறைக்கத் தேவையில்லை. துப்பாக்கிச் சூட்டிலே 13 பேர் மாண்டனர். பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த இளம்பெண்ணும் அவர்களிலே உண்டு. ஆசிரியத் தொழிலிலே இருக்கும் நாம், வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போதெல்லாம் அதனை எண்ணாமல் இருக்க முடிவதில்லை.

1908இலும் மார்ச்சுத் திங்களிலே மக்கள் திரண்டனர், தீ எரிந்தது, துப்பாக்கி வெடித்தது. 2018இலும் மக்கள் திரண்டனர், தீ எரிந்தது, துப்பாக்கி வெடித்தது. அன்று வாக்குரிமை இல்லை, இன்று உண்டு. பிறகு என்ன வேறுபாடு என்று மாணவன் கேட்கலாம். வேறுபாடு உண்டு, அதனை நேர்மையோடு சொல்ல வேண்டும். ஆறு நாட்களில், மே 28ஆம் நாள் ஆலையை மூட அரசு ஆணையிட்டது. 2020இல் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை உறுதி செய்தது; 2024இல் உச்ச நீதிமன்றமும் ஆலையின் முறையீட்டை ஏற்கவில்லை. ஓய்வு பெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் விசாரணை ஆணையம், தூண்டுதல் ஏதுமின்றிச் சுட்டனர் என்று எழுதிற்று. காவல் துறையினர் மீதும் அன்றைய ஆட்சியர் மீதும் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் அந்த அறிக்கை மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றத்திலே வைக்கப்பட்டது. 1908இல் மாண்ட நால்வருக்காக இப்படிக் கேட்க ஒரு மன்றம் இருந்ததா? இல்லை.

ஆனால், கேட்க மன்றம் இருப்பது வேறு. கேட்டது நடப்பது வேறு. அறிக்கை அலமாரியிலே உறங்கினால், துப்பாக்கி மட்டுமே விழித்திருக்கும். பரிந்துரை எழுத்தோடு நின்றால், மாண்டவர்களுக்குக் கிடைத்தது நீதி அன்று, காகிதம்!

சிதம்பரனாரைச் செக்கிலே பூட்டிய 124அ பிரிவு என்னவாயிற்று? அதனை ஆக்கித் தந்த இங்கிலாந்து, தன் நாட்டிலே அரசு நிந்தனைக் குற்றத்தை 2009இல் ஒழித்து விட்டது. நாமோ விடுதலைக்குப் பிறகும் எழுபதாண்டுகளுக்கு மேல் அதனைச் சுமந்தோம். 2022 மே திங்களிலே உச்ச நீதிமன்றம் அதனை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்திலே அந்தப் பெயர் இல்லை. ஆனால், நாட்டின் ஒருமைக்கும் இறைமைக்கும் ஊறு என்ற பெயரிலே 152ஆம் பிரிவு இருக்கிறது. 'உள்ளது பெயர் மாற்றமா, உள்ள மாற்றமா' என்பதைக் காலம் காட்டும். காட்டும் வரை கண் மூடாதிருப்பது குடிமக்களின் கடமை. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011இல் சிதம்பரனாரின் பெயரைச் சூட்டினோம், சிறப்பு. பெயரைச் சூட்டுவது எளிது. அவர் எதற்காகச் சிறை சென்றாரோ அந்தப் பேச்சுரிமையைப் பேணுவதன்றோ அரிது!

எனவே, மறுநாள் வகுப்பிலே அந்த மாணவனுக்கு நாம் விடை கூறினோம். "தம்பி! வாக்கு என்பது ஐந்தாண்டிலே ஒரு நாள் நீ பேசும் பேச்சு. எஞ்சிய நாட்களிலே நீ ஊமையாக இருக்க வேண்டும் என்று எந்த நூலும் சொல்லவில்லை. கூட்டம், சங்கம், பத்திரிகை, நீதிமன்றம் என்பவை அந்த நாட்களுக்கான உன் குரல். முன்னோர் வாக்குரிமையையே இந்தக் குரலால்தான் வாங்கினார்கள். குரலை விட்டு விட்டு வாக்கை மட்டும் வைத்துக் கொண்டால், ஒரு நாள் வாக்கும் போகும். கடல் கடந்த நம் தோட்டத் தொழிலாளியைக் கேள், அவன் சொல்வான்."

மாணவன் சற்று நேரம் சும்மா இருந்தான். பிறகு கேட்டான்: "அப்படியானால், அய்யா, வகுப்பிலே நாங்கள் கேள்வி கேட்பதும் ஜனநாயகந்தானே?"

வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. கரும்பலகையிலே அன்றைய பாடத்தின் தலைப்பை அழித்து விட்டு, அவனுடைய கேள்வியை எழுதினோம்.

மூச்சடக்கி முத்தெடுத்த கரை இது. இனி இக்கரையிலே எவரும் வாயடக்கி நிற்கலாகாது.